ஃபெர்னாண்டோ கட்டிய அறை: ரியோ டி ஜெனீரோ மனநல மருத்துவமனையின் ஓவியக்கூடம் பற்றிய நிகழ்வு ஆய்வு

1944-ஆம் ஆண்டு, பிரேசிலின் ரியோ டி ஜெனீரோ நகரத்துக் கோப்பகபானா கடற்கரையில் ஆடையின்றிக் கடலில் நீந்தினார் என்பதற்காக ஃபெர்னாண்டோ டினிஸ் என்னும் இளைஞர் கைது செய்யப்பட்டார். அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்த இடம் மனநோயுள்ள கைதிகளுக்கான காப்பகம். அங்கிருந்து மாற்றப்பட்டு, 1949-இல், நகரின் வடபகுதியான எஞ்சேன்யோ டி டென்ட்ரோவில் இருந்த அரசு மனநல மருத்துவமனையின் தொழில்வழிச் சிகிச்சைப் பிரிவுக்கு வந்தார். மனச்சிதைவு நோயாளி என்று குறிக்கப்பட்டிருந்த அவர் எப்போதும் தலையைக் குனிந்தே வைத்திருந்தார். யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பேசினால் அருகில் இருப்பவருக்குக்கூடக் கேட்காத அளவு மெல்லப் பேசினார். அடுத்த ஐம்பது ஆண்டுகளில் அவர் கை செய்து வைத்துச் சென்றவை ஏறத்தாழ 30,000 படைப்புகள்.

வரைவதாலும் மண் பிசைவதாலும் மனம் எவ்வாறு தேறுகிறது என்று கேட்டால், உள்ளே அடைபட்டுக் கிடந்தது வெளியே கொட்டிவிடுகிறது, அதனால் பாரம் குறைகிறது என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். ஃபெர்னாண்டோவின் ஓவியங்களை வரைந்த வரிசையிலேயே எடுத்துப் பார்ப்பவருக்கு இந்த விடை போதாது. அவர் கொட்டவில்லை, கட்டினார். அதையும் தனியாகக் கட்டவில்லை. இந்த இரண்டு செய்திகளுக்காகவே இந்நிகழ்வை இங்கே விரிவாக எடுத்துக்கொள்கிறேன்.

நோயாளியின் பின்னணி

ஃபெர்னாண்டோ 1918-இல் பாயியா மாநிலத்தில், ஆப்பிரிக்க வழிவந்த ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். நான்கு வயதில் தாயோடு ரியோ நகரத்துக்கு வந்தார். தாய் தையல்வேலை செய்து பிழைத்தார். பல குடும்பங்கள் நெருக்கியடித்து வாழும் வாடகைக் குடியிருப்புகளில்தான் இருவரும் வாழ்ந்தனர். கதவைச் சாத்தி இது எங்கள் இடம் என்று சொல்லிக்கொள்ளத்தக்க ஓர் அறை அவர்களுக்கு வாய்க்கவில்லை. தாய் துணி தைக்கச் செல்லும் செல்வர் வீடுகளுக்குச் சிறுவனும் உடன் போவான். பளபளக்கும் மரத்தரை, விரிப்பு, பியானோ, பூச்சாடி, திரைச்சீலை எல்லாவற்றையும் அங்கே கண்டான். அவற்றின் நடுவே உட்கார்ந்திருந்தாலும் அவை எதுவும் தன்னுடையதல்ல என்பதையும் அங்கேதான் அறிந்தான்.

அந்த வீடுகளில் ஒன்றின் மகளை அவர் இளமையிலேயே மனத்தில் வைத்திருந்தார். படித்துப் பொறியாளராகிவிட்டால் அவளை அடைய வழி பிறக்கும் என்ற எண்ணத்தில் பள்ளியில் முனைந்து படித்தார். அவளுக்கு வேறொருவருடன் திருமணமானது தெரியவந்ததும் படிப்பை விட்டார். அதற்குப் பின் கடற்கரைக் கைது வரையிலான சரிவை நோய்க்குறிப்புகளின் மொழியில் விவரிப்பது எளிது. எனக்கு முதன்மையாகப் படுவது வேறு. இந்த மனிதருக்கு நோய் வருமுன்பே இல்லாதிருந்த ஒன்று உண்டு. அது தனக்கென ஓர் இடம்.

மருத்துவரும் அவர் அமைத்த கூடமும்

தொழில்வழிச் சிகிச்சைப் பிரிவை நடத்தியவர் நீஸி ட சில்வெய்ரா. 1905-இல் மசேயோ நகரில் பிறந்தவர். பாயியா மருத்துவக் கல்லூரியில் 1926-இல் பட்டம் பெற்ற 157 பேர் கொண்ட வகுப்பில் இவர் ஒருவரே பெண். வைத்திருந்த மார்க்சிய நூல்களுக்காகச் செவிலி ஒருவர் புகார் கொடுக்க, 1936-இல் கைதாகி ஓராண்டுக்கு மேல் சிறையில் இருந்தார். பல ஆண்டுகள் அரசுப் பணியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டு 1944-இல்தான் திரும்பினார். அவர் இல்லாத காலத்தில் மனநல மருத்துவத்துக்குப் புதிய கருவிகள் வந்திருந்தன: இன்சுலின் கொடுத்து ஆழ்மயக்கத்தில் ஆழ்த்துதல், 1938-இல் இத்தாலியில் தொடங்கிய மின்னதிர்ச்சி, 1935-இல் போர்ச்சுகலில் எகாஸ் மோனிஸ் தொடங்கிய மூளை முன்மடல் அறுவை. மின்னதிர்ச்சிப் பொறியின் பொத்தானை அழுத்தும்படி சக மருத்துவர் சொன்னபோது நீஸி மறுத்துவிட்டார். சிறையை உள்ளிருந்து பார்த்தவர் அவர். கட்டிவைக்கப்பட்ட உடலின் மீது பொத்தானை அழுத்த அவருக்குக் கை வராமற்போனது இயல்பே. (இன்று மயக்கமருந்துடன், நோயாளியின் ஒப்புதலுடன் தரப்படும் மின்சிகிச்சையையும் அன்றைய நடைமுறையையும் ஒன்றாகக் கருதுதல் கூடாது.)

மறுத்தவருக்குக் கிடைத்தது மருத்துவர்கள் எவரும் விரும்பாத தொழில்வழிச் சிகிச்சைப் பிரிவு. நோயாளிகளைக் கொண்டு மருத்துவமனையைப் பெருக்கித் துடைக்கச் செய்வதே அதுவரை அங்கே சிகிச்சை என்ற பெயரில் நடந்துவந்தது. 1946-இல் அதை ஏற்ற நீஸி அந்த வேலைகளை நிறுத்திவிட்டு, நூற்கட்டு, தையல், தச்சு, நாடகம், இசை என்று படிப்படியாகப் பதினேழு கூடங்களை ஏற்படுத்தினார். அதே ஆண்டு செப்டம்பரில் ஓவியக்கூடம் திறந்தது. அதற்குத் தூண்டுகோலாக இருந்தவர் மருத்துவமனையில் பணியாற்றிய அல்மீர் மாவின்யே என்னும் இருபத்தொரு வயது ஓவியர்.

கூடத்தின் நடைமுறையில் மூன்று செய்திகள் குறிப்பிடத்தக்கவை. முதலாவது, எதை வரைய வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. மாதிரி ஓவியம் சுவரில் மாட்டப்படுவதில்லை. கை பிடித்துக் கற்றுத்தருவதும் இல்லை. தாள், வண்ணம், தூரிகை, களிமண் எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். இரண்டாவது, உதவியாளர் ஒருவர் எப்போதும் அருகில் இருப்பார். பாராட்டவோ திருத்தவோ விளக்கம் கேட்டுக் குடையவோ மாட்டார், ஆனால் எழுந்துபோகவும் மாட்டார். மூன்றாவது, செய்தது எதுவும் தூக்கியெறியப்படுவதில்லை. ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனியே, வரைந்த நாளின் வரிசைப்படி சேர்த்து வைக்கப்படும். தனியோர் ஓவியத்தை எடுத்துப் பொருள் சொல்வதை நீஸி ஏற்கவில்லை. தொடராகப் பார்த்தால்தான் உள்ளே நடப்பது புலப்படும் என்பதில் உறுதியாக இருந்தார். 1952-இல் அவர் மருத்துவமனைக்குள்ளேயே நனவிலிப் படிமங்களின் அருங்காட்சியகத்தை நிறுவியதன் அடிப்படை இந்தச் சேமிப்புப் பழக்கமே. இப்போது அங்கே 3,50,000-க்கு மேற்பட்ட படைப்புகள் இருக்கின்றன.

ஓவியங்கள் சென்ற வழி

ஃபெர்னாண்டோவின் தொடக்கக் காலத் தாள்களில் எல்லாம் இருக்கின்றன. எதுவும் தன் இடத்தில் இல்லை. பொருள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடக்கின்றன. மேசையின் விளிம்பு எங்கே முடிகிறது, பழம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிய இயலவில்லை. முன், பின், அருகு, தொலைவு என்னும் வேறுபாடே அழிந்துபோயிருக்கிறது. இதைப் பயிற்சியின்மை என்று தள்ளிவிடலாம். ஆயினும் மனச்சிதைவின் கடும் நிலையில் இருப்பவர்கள் பலர், சுற்றியுள்ள வெளி தம்மை நெருக்குவதாகவும், பொருள்கள் தம் எல்லையை விட்டு வழிவதாகவும் சொல்வதை அறிந்தவர்களுக்கு, இத்தாள்கள் அந்நிலையின் நேரடிப் பதிவுகளாகத் தோன்றும். நீஸி அப்படித்தான் பார்த்தார். வெளியுலகம் சிதறிப்போன ஒருவர் அதைத் திரும்பச் சேர்த்தெடுக்க முயல்கிறாரா என்று அறிய அவர் காத்திருந்தார்.

சேர்க்கும் வேலை மெல்லத் தொடங்கியது. ஃபெர்னாண்டோ குவியலிலிருந்து ஒரு பொருளை மட்டும் பிரித்தெடுத்துத் தனியே வரைந்தார். பிறகு இன்னொன்று. ஒவ்வொன்றும் நிலைத்து நிற்கத் தொடங்கியதும் இரண்டு மூன்றை அருகருகே வைத்துப் பார்த்தார். அப்புறம் அவர் கண் தரைக்குச் சென்றது. சிறு மரப்பலகைகளை ஒன்றோடொன்று பொருத்திப் பாவிய தரையை, சிறுவயதில் செல்வர் வீடுகளில் கண்ட அதே தரையை, கட்டம் கட்டமாக வரைந்தார். தரை அமைந்ததும் அதன்மேல் பொருள்கள் நிற்க முடிந்தது; நின்றதும் அவற்றுக்கிடையே தொலைவு உண்டானது; தொலைவு உண்டானதும் அறை உண்டானது. பியானோ, நாற்காலி, விரிப்பு, பூச்சாடி, திரைச்சீலை யாவும் தத்தம் இடத்தில் அமைந்த முழு வரவேற்பறைகளை அவர் வரைந்தது இவ்வளவுக்கும் பிறகே.

இந்த வரிசை என்னை மிகவும் பாதித்தது. ஒரு கொத்தனாரிடம் கேட்டாலும் இதே வரிசையைத்தான் சொல்வார்: கல்லைப் பிரி, தரையைப் போடு, சுவரை எழுப்பு. ஃபெர்னாண்டோவுக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. சிகிச்சைத் திட்டம் என்று எழுதிவைத்த எதுவும் அவர்முன் இல்லை. சிதைந்த மனத்துக்குள்ளும் தன்னைச் சீர்செய்துகொள்ளும் ஆற்றல் ஒன்று எஞ்சியிருக்கிறது, அது வேலை செய்யப் பொருளும் காலமும் கிடைத்தால் போதும் என்று நீஸி நம்பியதற்கு இதைவிடத் தெளிவான சான்று அவருடைய பதிவுகளில் எனக்குத் தென்படவில்லை. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அவர் கட்டிய அறை, கண்முன் இருந்த மருத்துவமனைக் கூடமன்று. தாயின் கைப்பிடித்துச் சென்று பார்த்த அறை. இல்லாத இடத்தை அவர் தாளில் உரிமையாக்கிக்கொண்டார்.

அருகில் இருந்தவர்

இத்தனைக்கும் காரணம் தூரிகை என்று முடித்துவிட்டால் பாதி உண்மை விடுபட்டுப்போகும். ஃபெர்னாண்டோவின் பக்கத்தில் ஒரு பெண் உதவியாளர் அமைதியாக உட்கார்ந்திருக்கும் நாள்களில் ஓவியங்கள் ஒழுங்கு நோக்கி நகர்ந்தன. அவர் விடுப்பில் சென்றபோது ஓவியங்கள் பழைய குழப்பத்துக்குத் திரும்பின. தாள் அதேதான், வண்ணம் அதேதான், கூடமும் அதேதான். ஆள் மட்டும் இல்லை.

இவ்வகை உறவுக்கு நீஸி வேதியியலிலிருந்து ஒரு சொல்லை எடுத்துக்கொண்டார்: வினையூக்கும் அன்பு. வினையூக்கி தான் மாறாமல் பிறவற்றின் வினையை விரைவுபடுத்துவதுபோல, அருகில் அமர்ந்திருப்பவரின் நிலையான அன்பு நோயாளியின் சொந்த ஆற்றலை இயங்கச் செய்கிறது என்பது கருத்து. மருத்துவமனைக்குள் நாய்களையும் பூனைகளையும் அனுமதித்து அவற்றைத் துணைச் சிகிச்சையாளர்கள் என்று அவர் அழைத்ததும் இதே காரணத்தால்தான். முன்னறிவிப்பின்றி மனம் மாறாத, கேள்வி கேட்காத துணையாக விலங்கு இருந்தது. மனிதரை நம்ப அஞ்சியவர்கள் முதலில் விலங்கை நம்பினார்கள்.

கலைவழிச் சிகிச்சையை இப்போது மேற்கொள்ளும் இடங்கள் பலவற்றில் பொருள்களுக்கும் பயிற்சிமுறைகளுக்கும் தரும் கவனத்தில் பாதியைக்கூட உடனிருப்பவரின் தொடர்ச்சிக்குத் தருவதில்லை. வாரத்துக்கொரு புதிய முகம் வந்து வண்ணப்பெட்டியைத் திறந்துவைத்துச் செல்லும் ஏற்பாட்டில், ஃபெர்னாண்டோவின் தரைப்பலகைகள் ஒருநாளும் சேர்ந்திருக்காது. உதவியாளரின் விடுப்பைக்கூட முன்கூட்டிச் சொல்லி, நோயாளியை அதற்குத் தயார்ப்படுத்த வேண்டும் என்பது இந்நிகழ்விலிருந்து நேரடியாகக் கிடைக்கும் நடைமுறைப் பாடம். இதைச் சிறு நிருவாகச் செய்தியாகக் கருதுபவர்கள் அந்த விடுப்புக்காலத் தாள்களை ஒருமுறை பார்க்க வேண்டும்.

எதிர்ச்சான்று: லூசியோ

அதே மருத்துவமனையில் லூசியோ நோமன் என்பவர் சிற்பம் செய்தார். அவர் செய்தவை பெரும்பாலும் போர்வீரர்கள். திண்மையும் விறைப்பும் கொண்ட உருவங்கள். 1949-இல் சாவோ பாவுலோ நவீனக் கலை அருங்காட்சியகத்தில் எஞ்சேன்யோ டி டென்ட்ரோவின் ஒன்பது கலைஞர்களின் கண்காட்சி நடந்தது. அவ்வொன்பது பேரில் லூசியோவும் ஒருவர். அதே ஆண்டில், நீஸியின் எதிர்ப்பை மீறி, லூசியோவுக்கு மூளை முன்மடல் அறுவை செய்யப்பட்டது. அறுவைக்குப் பின் அவர் செய்த உருவங்களில் முன்னைய கட்டமைப்பு இல்லை. அவை குழந்தை பிசைந்த மண்போல் தளர்ந்து கிடந்தன. அதே 1949-இல்தான் அந்த அறுவைமுறைக்காக மோனிஸுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

நிகழ்வு ஆய்வு என்ற முறையில் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். ஃபெர்னாண்டோவின் தொடர் சிதைவிலிருந்து கட்டமைப்புக்குச் சென்றது. லூசியோவின் தொடர் கட்டமைப்பிலிருந்து சிதைவுக்குத் தள்ளப்பட்டது. ஒரு மருத்துவமனை, ஒரு காலம், ஒரே வகையான பொருள்கள். இரண்டு மனிதர்களை ஒப்பிட்டு அறிவியல் முடிவு கூற இயலாது என்பது தெரிந்ததே. என்றாலும், படைப்புகள் வரிசையாகச் சேமிக்கப்பட்டிருந்ததால்தான் லூசியோவிடமிருந்து என்ன பறிக்கப்பட்டது என்பதை இன்று நாம் கண்ணால் காண முடிகிறது. அறுவையால் நோயாளி அமைதியடைந்தார் என்று மட்டும் எழுதும் மருத்துவக் குறிப்பில் அந்த இழப்பு பதிவாகாது.

விளக்கங்கள் பற்றி ஒரு தயக்கம்

நோயாளிகள் பலர் வட்ட வடிவங்களைத் திரும்பத் திரும்ப வரைவதைக் கண்ட நீஸி, 1954 நவம்பரில் அவற்றின் ஒளிப்படங்களைச் சுவிட்சர்லாந்திலிருந்த உளவியலாளர் கார்ல் யுங்குக்கு அனுப்பி, இவை மண்டலங்களா (மண்டலா எனப்படும், மையத்தைச் சுற்றி அமையும் வட்ட வரைவுகளா) என்று கேட்டார். ஆம் என்று விடை வந்தது. சிதறலை ஈடுசெய்ய மனம் தானே மையம் தேடும் முயற்சியாக யுங் அவற்றைக் கருதினார். 1957-இல் சூரிச்சில் நடந்த உலக மனநல மருத்துவ மாநாட்டின்போது மருத்துவமனையின் ஓவியக் கண்காட்சியை யுங்கே திறந்துவைத்தார். நோயாளிகளின் பிதற்றல்களைப் புரிந்துகொள்ளத் தொன்மங்களைப் படிக்கும்படி அவர் நீஸிக்கு அறிவுரை கூறினார்.

அந்த அறிவுரையின் பயனை அடலினா கோமஸின் நிகழ்வில் காணலாம். நாட்டுப்புற ஏழைக் குடும்பத்துப் பெண்ணான அடலினா, தாம் விரும்பியவரைத் தாய் ஏற்க மறுத்த பிறகு மெல்ல ஒடுங்கிப்போனார். ஒருநாள் எல்லோரும் நேசித்த வீட்டுப் பூனையின் கழுத்தை நெரித்தார். 1937-இல், இருபத்தொரு வயதில், மருத்துவமனைக்கு வந்தார். அவர் வரைந்த பெண்கள் பூவாகவும் செடியாகவும் மாறிக்கொண்டிருப்பவர்கள். காதலுக்கு அஞ்சி ஓடி மரமாகிவிட்ட கிரேக்கப் பெண் தாஃப்னியின் கதையோடு நீஸி அவற்றை இணைத்துப் பார்த்தார்.

அழகான விளக்கம். ஆனால் என் தயக்கம் இங்கேதான். செடியாகிவிட்டால் யாரும் நெருங்கமாட்டார்கள் என்ற ஆசையைப் புரிந்துகொள்ளக் கிரேக்கம் வரை போக வேண்டியதில்லை. தாயும் மகளும் இருந்த அந்த வீட்டுக்குள் போனாலே போதும். தொன்மம் சிகிச்சையாளருக்கு ஒரு பெரும் நன்மை செய்தது: பிதற்றல் என்று தள்ளப்பட்டதை மதிப்போடு கேட்க வைத்தது. அந்த நன்மையை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். ஆனால் தொன்மத்தின் பெயரே நோயாளி சொன்னதற்கான விடையாகிவிட்டால், அவருடைய சொந்த வரலாறு பின்னுக்குப் போய்விடும். அடலினா தம் வாழ்நாளில் செய்த படைப்புகள் ஏறத்தாழ 17,500. அவற்றில் தாஃப்னியை அறிந்தவர் மருத்துவர். செடியை அறிந்தவர் அடலினா.

சொல்லும் அளவும்

இதைக் கலைவழிச் சிகிச்சை என்று அழைப்பதை நீஸி விரும்பவில்லை. கலை என்று சொன்னவுடன் நல்லது, சுமாரானது என்ற தீர்ப்பும் உடன் நுழைந்துவிடும் என்பது அவர் கவலை. கலை விமரிசகர் மாரியோ பெட்ரோசா இவற்றைக் கன்னிக் கலை என்று போற்றியபோதும், மருத்துவர் என்ற முறையில் தம் அக்கறை படைப்பின் தரத்தில் அல்ல என்பதில் அவர் தெளிவாக இருந்தார். 1956-இல் ரியோவில் அவர் தொடங்கிய காசா தாஸ் பல்மெய்ராஸ் என்னும் பகல்நேர இல்லத்தில், பொருள் ஒன்றைக் கையில் எடுத்து வேலை செய்து முடித்த ஒருவர், கையாளும்போது எழும் உணர்ச்சி என்று தம் அனுபவத்துக்குப் பெயர் வைத்தார். நீஸி அந்தப் பெயரையே தம் முறைக்கு எடுத்துக்கொண்டார். சிகிச்சைமுறை ஒன்றுக்கு அதைப் பெற்றவரே பெயர் சூட்டியது அரிது, பெயரும் பொருத்தமானது. களிமண்ணின் குளிர்ச்சியும் மரத்தின் வன்மையும் தாளில் வண்ணம் ஊறும் வேகமும், கனவுக்கும் நனவுக்கும் நடுவே அலையும் ஒருவரைக் கைவழியே இந்த உலகத்தோடு கட்டிவைக்கின்றன.

அந்தப் பகல்நேர இல்லம் தோன்றியதற்கு ஒரு காரணம் தோல்வி. மருத்துவமனையிலிருந்து வெளியே சென்றவர்கள் மீண்டும் மீண்டும் நோய் முற்றித் திரும்பி வந்தார்கள். கூடத்தில் தேறிய மனம், வேலையும் வீடும் வரவேற்பும் இல்லாத தெருவில் நிலைக்கவில்லை. பூட்டில்லாத கதவுகளோடு, வெள்ளை அங்கி இல்லாமல், காலையில் வந்து மாலையில் வீடு திரும்பும்படி அமைந்த அவ்வில்லம் அந்த இடைவெளியை நிரப்ப முயன்றது. ஆயினும் ஓவியக்கூடத்தின் பெரிய பெயர்களில் பலர் வீடு திரும்பவில்லை. 1939-இல் சிறு கண்ணாடியில் பட்ட சூரியக் கதிரில் கடவுளின் கோளரங்கத்தைக் கண்டதாகக் கூவி அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட கார்லோஸ் பெர்டுயிஸ், 1977-இல் இறக்கும் வரை அங்கேயே இருந்தார். படைப்பு அவர்களுடைய நோயை நீக்கிவிட்டது என்று எழுதுவது பொய்யாகும். நோயோடு வாழ்ந்த காலத்தில் அவர்கள் மனிதர்களாக இருக்க அது இடம் கொடுத்தது; அவ்வளவை நான் உறுதியாகச் சொல்வேன்.

ஃபெர்னாண்டோ அறைகளோடு நிற்கவில்லை. விரிப்புகள், வட்டங்கள், விண்மீன்கள், கோடுகளால் மட்டுமே ஆன அசைவுகள் என்று அவர் வரைந்துகொண்டே இருந்தார். முதுமையில் அசைபட இயக்குநர் ஒருவரோடு சேர்ந்து தம் ஓவியங்களை அசையவைக்கும் படம் ஒன்றை உருவாக்கினார். அது 1996-இல் வெளிவந்தது. 1949-இல் யார் முகத்தையும் பார்க்காமல் வந்த அவர் 1999-இல் காலமானார். அதே ஆண்டு அக்டோபரில், தொண்ணூற்று நான்கு வயதில், நீஸியும் காலமானார். அந்த மரத்தரை ஓவியங்கள் அருங்காட்சியகத்தில் இன்னும் ஃபெர்னாண்டோவின் பெயரிட்ட அடுக்கில், வரைந்த வரிசை கலையாமல் இருக்கின்றன.